முகடா, ஓடைப்பள்ளமா, திறந்த சரிவா? யாரும் அதிகம் போகாத உச்சிக்கு வழி தேர்ந்தெடுப்பது

நண்பர் ஒருவர் போன வாரம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் போக ஆசைப்படும் உச்சிக்குப் பாதை கிடையாது. வருஷத்துக்கு நாலு பேர் போனாலே அதிகம். பென்சிலால் மூன்று கோடு போட்டிருந்தார். ஒன்று வடக்கே நீளும் முகட்டின் மேலேயே போனது. இன்னொன்று உச்சிக்கு நேர் கீழிருந்து ஓடைப்பள்ளத்துக்குள் ஏறியது. மூன்றாவது, மேற்குப் பக்கத்துத் திறந்த சரிவில் வளைந்து வளைந்து போனது. "மூன்றும் ஒரே இடத்துக்குத்தானே போகுது, எதில் போறது?" என்று கேட்டார்.

மலையேற்றத்தில் கொஞ்சம் பழகி, ஆள் நடமாட்டமுள்ள பாதைகளை விட்டு வெளியே வர நினைக்கும் எல்லோரும் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பெரும்பாலானவர்கள் எதில் சீக்கிரம் ஏறலாம் என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். எதில் பத்திரமாக இறங்கலாம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான் இருக்கும்.

## ஆள் போகாத மலை ஏன் வேறு

பலர் ஏறும் மலையில் ஆடும் கற்களை உங்களுக்கு முன்னால் போன ஆயிரம் கைகள் இழுத்துப் பார்த்திருக்கும். விழ வேண்டியது விழுந்திருக்கும். ஆள் போகாத மலையில் அந்த வேலை நடக்கவில்லை. நீங்கள் பிடிக்கும் கல்லை அதற்கு முன்னால் யாருமே பிடிக்காமல் இருந்திருக்கலாம். பாறைமேல் பாசியும் கற்பாசியும் கால் பட்டுத் தேயாமல் அப்படியே இருக்கும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு தூறல் போட்டால் சோப்பு தடவியது மாதிரி ஆகிவிடும்.

அடையாளத்துக்குக் கல் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். காலடித்தடம் மாதிரித் தெரிவது பெரும்பாலும் விலங்குகளின் தடம். அது உச்சிக்குப் போகாது, தண்ணீருக்கோ மேய்ச்சலுக்கோ போகும். கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் அந்த வழியாக இன்னொருவர் வர ஒரு மாதம்கூட ஆகலாம். சாதாரண மலையில் சின்னத் தவறாக முடிவது இங்கே பெரிதாகிவிடும்.

## எடை போடுவதற்கு முன்

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். திரும்பி இறங்க முடியுமா? மேலிருந்து கல் விழுமா? மேகம் மூடினால் வழி தெரியுமா? நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் விலகிப் போக இடம் இருக்கிறதா? நேரமும் தண்ணீரும் எவ்வளவு ஆகும்?

மொத்த மதிப்பெண்ணில் பாதியை முதல் கேள்விக்கே கொடுப்பேன். ஏறும்போது பிடிமானம் கண்ணுக்கு நேரே இருக்கிறது. இறங்கும்போது கால் வைக்கும் இடத்தை உங்கள் உடம்பே மறைத்துக்கொள்கிறது. களைப்பும் அப்போதுதான் சேர்ந்து வரும். ஒரு பாறையில் இரண்டு மீட்டர் ஏறி, அப்படியே இறங்கிப் பாருங்கள். ஏறியது சுலபமாகவும் இறங்கியது வேறு ஏதோ பாறை மாதிரியும் இருக்கும்.

ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் உச்சி இதற்கு நல்ல உதாரணம். 4,478 மீட்டர் உயரம். ஆங்கிலேய மலையேற்றக்காரர் எட்வர்ட் விம்பர் இத்தாலியப் பக்கத்து முகட்டில் பலமுறை முயன்று தோற்றார். எதிர்ப்பக்கம், சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரிலிருந்து பார்த்தால், ஏறவே முடியாத செங்குத்துச் சுவர் மாதிரித் தெரியும். ஆனால் பக்கவாட்டில் போய்ப் பார்த்தபோது அந்தச் சரிவு தோன்றிய அளவுக்குச் செங்குத்து இல்லை என்று அவருக்குப் புரிந்தது. இன்னொன்றையும் கவனித்தார். இத்தாலியப் பக்கத்தில் பாறை அடுக்குகள் வெளிப்பக்கம் சரிந்து, ஓட்டுக் கூரை மாதிரி இருந்தன. எதிர்ப்பக்கத்தில் அதே அடுக்குகள் மலைக்குள் சரிந்து, படிக்கட்டு மாதிரி அமைந்திருந்தன. 1865 ஜூலை 14 அன்று விம்பர் உட்பட ஏழு பேர் அந்தப் பக்கமாக முதன்முதலில் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது நான்கு பேர் விழுந்து இறந்தார்கள்.

எந்த மலைக்கும் பொருந்துகிற மூன்று பாடம் இதில் இருக்கிறது. நேர் எதிரே நின்று சரிவை எடை போடாதீர்கள், பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். உச்சியைத் தொட்டதும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

## முகடு வழி

முகட்டில் மேலிருந்து கல் விழ இடமில்லை, ஏனென்றால் மேலே ஒன்றும் இல்லை. இது பெரிய நிம்மதி. இருபுறமும் பார்வை திறந்திருப்பதால் எங்கே நிற்கிறோம் என்று எப்போதும் தெரியும். முகட்டில் எஞ்சி நிற்கும் பாறையும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். நொறுங்கக்கூடியது எப்போதோ இரண்டு பக்கமும் சரிந்து போயிருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. முதலில் தண்ணீர். முகட்டில் ஊற்று கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. நாள் முழுக்கத் தேவைப்படும் மூன்று நான்கு லிட்டரையும் கீழிருந்தே சுமக்க வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அந்த எடை கைவைத்து ஏறும் இடங்களில் உங்களைப் பின்னால் இழுக்கும்.

அடுத்தது, வரைபடம் சொல்லாமல் விடும் ஏற்ற இறக்கம். 20 மீட்டருக்கு ஓர் உயரக்கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்ட வரைபடத்தில், 15 மீட்டர் உயரப் பாறைத்தடுப்பு இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். முகட்டின்மேல் பல் மாதிரி நிற்கும் பாறைகளும், பல் விழுந்த மாதிரி வெட்டுப்பள்ளங்களும் அங்கே போன பிறகுதான் தெரியும். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் சுற்ற வேண்டும். சுற்றினால் உடனே முகட்டுக்குத் திரும்பிவிடுங்கள். "இந்த விளிம்பிலேயே இன்னும் கொஞ்ச தூரம்" என்று போனால் அது மெல்ல மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு போய், கடைசியில் வெற்றிடத்தில் நிறுத்திவிடும்.

மூன்றாவது காற்றும் இடியும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். முகட்டில் காற்று அதற்கு மேலும் குளிரைக் கூட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது முகட்டில் இருக்கவே கூடாது. விலகி இறங்க இடமில்லாத நீண்ட முகடு என்றால், மதியத்துக்கு மேல் மேகம் திரளும் பருவத்தில் அதை நான் தொடவே மாட்டேன்.

நான்காவதுதான் எனக்கு நேர்ந்தது. கிளைமுகடுகள் ஏறும்போது ஒன்றோடு ஒன்று சேரும், எல்லாம் உச்சியில் முடியும். வழி தவறவே முடியாது. இறங்கும்போது அதே கிளைகள் பிரிந்துபோகும். ஒருமுறை உச்சியை விட்டு இறங்கிய பத்தாவது நிமிஷம் மேகம் மூடிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கால் தானாகவே அகலமான, இதமான பக்கத்துக்குப் போயிற்று. காலையில் பார்த்த ஞாபகமே இல்லாத ஒரு புல்மேடு வந்தபோதுதான் திசைகாட்டியை எடுத்தேன். வடக்கே போக வேண்டிய நான் வடகிழக்கே போய்க்கொண்டிருந்தேன். திரும்ப ஏற நாற்பது நிமிஷம் ஆனது. அன்றிலிருந்து ஏறும்போதே ஒவ்வொரு கிளை சேரும் இடத்திலும் நின்று, திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். திசைகாட்டியில் இறங்கும் திசையையும் குறித்து வைக்கிறேன். ஒரு நிமிஷ வேலை.

## ஓடைப்பள்ளம் வழி

வரைபடத்தில் மிக அழகாகத் தெரிவது இதுதான். உச்சிக்கு நேர்கோடு, தூரம் குறைவு. கீழ்ப்பாதியில் தண்ணீர் இருக்கும், வெயிலும் காற்றும் குறைவு, இரண்டு பக்கமும் சுவர் இருப்பதால் உயரப் பயமும் அவ்வளவாகத் தெரியாது. புதிதாக வருபவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்தக் கடைசிக் காரணமே போதும். எனக்கு இந்த வழியில்தான் கவலை அதிகம்.

மலை உதிர்க்கும் கற்கள் கீழே வரும் வழி இந்தப் பள்ளம்தான். நீங்கள் நடப்பது அதன் நடுவே. குளிர்ந்த மலைகளில் இரவு உறைந்த பனிக்கட்டி பிடித்து வைத்திருந்த கற்களை, காலை வெயில் பட்டதும் விட்டுவிடும். மேலே ஓர் ஆடு ஓடினாலும் கல் வரும். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கல்லைத் தள்ளுவது உங்களோடு வருபவர்கள்தான்.

இரண்டு பேராக ஒரு பள்ளத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். நண்பர் எனக்குப் பத்து மீட்டர் கீழே. என் பூட்ஸ் பட்டு, தேங்காய் அளவுக்கு ஒரு கல் கிளம்பியது. "கல்லு!" என்று கத்துவதற்குள் அது ஒருமுறை சுவரில் மோதி, விர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. கல்லோடு கல் உரசிய இடத்தில் வெடி கொளுத்தியது மாதிரி ஒரு வாடை. இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை. அதற்குப் பிறகு பள்ளத்துக்குள் நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது: ஒன்று, இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நெருங்கிப் போவது, உருளும் கல் வேகம் பிடிக்கும் முன்னே தடுத்துவிடலாம். இல்லை, ஒருவர் பாறை மறைவில் நிற்க, மற்றவர் மட்டும் நகர்வது. ஹெல்மெட் இல்லாமல் உள்ளே போவதே இல்லை.

அப்புறம், பள்ளத்தின் குறுக்கே சிக்கி நிற்கும் பெரிய பாறைகள். கீழிருந்து பார்த்தால் நாலு மீட்டர்தானே என்று தோன்றும். முதுகை ஒரு சுவரிலும் காலை எதிர்ச்சுவரிலும் கொடுத்து ஏறிவிடலாம். அதே இடத்தில் இறங்குவது பல பேருக்கு முடியாது. இப்படி இரண்டு தடுப்பைத் தாண்டிவிட்டால், மேலே போவதைத் தவிர வேறு வழியில்லாமல் போய்விடும். மூன்றாவது தடுப்பு ஏற முடியாததாக இருந்தால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

வழி தெரிவதிலும் பள்ளம் முகட்டுக்கு நேரெதிர். ஏறும்போது ஓடைகள் கிளை பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் எது என்று முடிவெடுக்க வேண்டும், தப்பானது பாறைச்சுவரில் முடியும். ஜிபிஎஸ் கருவியும் இரண்டு சுவருக்கு நடுவே தடுமாறும், பக்கத்துப் பள்ளத்தில் நிற்பதாகக்கூடக் காட்டும். இறங்கும்போது ஓடைகள் சேர்ந்துவிடும், வழி தவறாது. ஆனால் தெரியாத ஓடையில் இறங்கினால் அருவியின் தலைப்பில் போய் நிற்பீர்கள். வழி தவறியவர்கள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வரும் என்ற நம்பிக்கையைச் செங்குத்தான மலையில் விட்டுவிடுவது நல்லது.

ஓடைப்பள்ளம் சரியான தேர்வாகும் நேரமும் உண்டு. மேலே காற்று கடுமையாக இருக்கும் நாள், வறண்ட பருவம், முன்னாலும் பின்னாலும் வேறு குழு இல்லை, இரண்டே பேர், தரையில் புதிதாக விழுந்து உடைந்த வெளிறிய கற்கள் தென்படவில்லை. இவ்வளவும் சேர்ந்தால் போகலாம்.

## திறந்த சரிவு வழி

இதில் பல வகை. புல்லும் புதரும் கலந்த சரிவில் நேரம்தான் செலவு, ஆபத்து குறைவு. இடுப்பளவு புதருக்குள் ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர் போனால் அதிகம் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதிர்கல் சரிவு வேறு. கற்கள் தாமாக நிலைகொள்ளும் சாய்வு 30 முதல் 40 பாகை வரை. அதனால் அவை எப்போதும் சரியத் தயாராகவே கிடக்கும். ஏறும்போது இரண்டு அடி வைத்தால் ஓரடி பின்னால் சறுக்கும், உடம்பில் உள்ள சக்தியெல்லாம் அதிலேயே போய்விடும். இறங்குவதற்கு, கற்கள் பொடியாக இருந்தால், இதைவிடச் சுகமான வழி இல்லை. குதிகாலை ஊன்றி ஊன்றி வந்தால் ஒரு மணி நேரம் ஏறியதைப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இறங்கிவிடலாம். கற்கள் பெரிதாக இருந்தால் இது பொருந்தாது, முழங்கால் போய்விடும்.

வழுக்கைப் பாறைச் சரிவு மூன்றாவது வகை. சொரசொரப்பான பாறை காய்ந்திருந்தால், நல்ல அடியுள்ள காலணியோடு நம்பி நடக்கலாம். நனைந்தால் அதே பாறை வேறு. மேகம் வரும் அறிகுறி இருந்தால் இந்த வழியைத் திரும்பும் வழியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

எல்லா வகைக்கும் பொதுவான ஆபத்து, மேலே மெதுவாகவும் கீழே செங்குத்தாகவும் போகும் குவிந்த சரிவு. மேலிருந்து பார்ப்பவருக்குக் கீழ்விளிம்பு தெரியாது. புல்வெளிதானே என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் காலுக்குக் கீழே வெட்டவெளி. இதை வரைபடத்திலேயே கண்டுபிடிக்கலாம். உயரக்கோடுகள் மேலே அகலமாகவும் கீழே நெருக்கமாகவும் இருந்தால் குவிந்த சரிவு. 1:50,000 வரைபடத்தில் (ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர்) 20 மீட்டர் கோடுகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் சாய்வு சுமார் 22 பாகை. அரை மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 39 பாகை, கை ஊன்ற வேண்டிய இடம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முகடு | ஓடைப்பள்ளம் | திறந்த சரிவு |
|---|---|---|---|
| ஏறிய வழியே இறங்குவது | பெரும்பாலும் முடியும் | தடுப்புப் பாறைகள் இருந்தால் கடினம் | பொடிக்கல், புல் என்றால் சுலபம் |
| கல் விழுவது | மிகக் குறைவு | மிக அதிகம் | உதிர்கல்லில் உண்டு |
| மேகம் மூடினால் | ஏற்றம் தெளிவு, இறக்கம் குழப்பம் | ஏற்றம் குழப்பம், இறக்கம் தெளிவு | இரண்டிலும் குழப்பம் |
| நடுவில் விலகுவது | இடத்தைப் பொறுத்தது | அநேகமாக முடியாது | எங்கும் முடியும் |
| தண்ணீர் | சுமக்க வேண்டும் | கீழ்ப்பாதியில் கிடைக்கும் | அரிது |
| வசதியான குழு | 2 முதல் 4 பேர் | 2 பேர் | எத்தனை பேரும், பக்கவாட்டில் பரவி |

## ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால்?

எல்லோருக்கும் இந்த ஆசை வரும், எனக்கும் உண்டு. ஆனால் மறுபக்கத்தை நீங்கள் முதன்முதலில் பார்ப்பது மேலிருந்துதான். குவிந்த சரிவு, அருவி, பாறைத்தடுப்பு எதுவுமே மேலிருந்து தெரியாது. பாதி இறங்கி மாட்டினால் மறுபடி உச்சிவரை ஏற வேண்டும். அதனால் ஒரே ஒரு நிலையில் மட்டும் இதற்குச் சரி சொல்வேன்: ஏறும்போதே அந்த இறங்கு சரிவு முழுவதையும் பக்கவாட்டிலிருந்து பார்த்திருக்க வேண்டும். முகட்டில் ஏறுபவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கும். பள்ளத்துக்குள் ஏறுபவருக்குக் கிடைக்காது.

கயிறு கொண்டுபோனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே கட்டுவது, எதில் நம்பிக் கட்டுவது என்று பழகியவர் கையில் 30 மீட்டர் கயிறு இரண்டு உயிரைக் காப்பாற்றும். பழகாதவர் பையில் அது வெறும் தைரியம் மட்டும்தான், இறங்க முடியாத இடத்துக்கு ஏற வைக்கிற தைரியம்.

## நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏற வேண்டுமென்றால் 3 மணி 12 நிமிஷம். இது நடக்கிற பாதைக்கான கணக்கு, ஓய்வு சேர்க்காதது. கைவைத்து ஏறும் பகுதிக்கு நான் அதை இரண்டு மடங்காக்குவேன், இறங்குவதற்கும் ஏறிய அதே நேரத்தை ஒதுக்குவேன். அதன்படி திரும்பும் மணியை வீட்டிலேயே எழுதி, போகும் வழியையும் சேர்த்து ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த மணி அடித்தால், உச்சி ஐம்பது மீட்டரில் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். விசில் ஒன்றும் தலைவிளக்கு ஒன்றும் பையில் இருக்கட்டும். நிமிஷத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஊதுவதுதான் மலைகளில் உதவி கேட்கும் குறி. நிமிஷத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

நண்பரின் வரைபடத்துக்கு வருகிறேன். ஓடைப்பள்ளக் கோட்டில் கோடுகள் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு இடங்களைக் காட்டினேன், செயற்கைக்கோள் படத்திலும் அங்கே கருப்பு நிழல்தான் விழுந்திருந்தது. மேற்குச் சரிவு மேலிருந்து கீழ்வரை குழிந்து, அடியில் அகலமாக விரிந்திருந்தது. முகட்டில் பாதி தூரத்துக்கு மேல் அந்தச் சரிவு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் என்பதும் வரைபடத்திலேயே தெரிந்தது. முகட்டில் ஏறுங்கள், போகும்போதே மேற்குச் சரிவைப் பார்த்துக்கொண்டு போங்கள், பொடிக்கல்லாக இருந்தால் அதில் இறங்குங்கள், சந்தேகமாக இருந்தால் வந்த முகட்டிலேயே திரும்புங்கள் என்றேன். அவர் ரப்பரை எடுத்து நடுக்கோட்டை அழித்துவிட்டு, முகட்டின் கிளைகள் சேரும் மூன்று இடத்திலும் சின்ன வட்டம் போட்டுக்கொண்டார்.